காப்பு அவிழ்க்காத வருடம்

எங்கள் சித்தப்பா வருடத்தில் கொஞ்ச நாள் சாமியாக இருப்பார். மீதி நாளெல்லாம் அவரை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லார் வீட்டுச் சித்தப்பாவும் அப்படித்தான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "உங்க சித்தப்பா எப்ப சாமியாவாரு?" என்று கேட்கப்போய், அவளுடைய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது இன்னும் ஞாபகமிருக்கிறது.

இன்றைக்கு ஊரெல்லாம் யாங்கோன் என்கிறது. எங்கள் வீட்டில் அது இன்னமும் ரங்கூன்தான். ஆற்றை ஒட்டிய க்யிம்யிண்டைங் பகுதியில், படகுத்துறைக்கும் சந்தைக்கும் நடுவே எங்கள் தெரு. தெரு ஆண்களில் பாதிப்பேர் துறையில் மூட்டை தூக்கினார்கள். மூட்டை தூக்கிய உடம்பு வலிக்குச் சாராயம். சாராயம் குடித்த மறுநாள் கை நடுங்கும், அந்த நடுக்கத்துக்கு மறுபடியும் சாராயம். இதில் சித்தப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று அப்பா சொல்லும்போது, ஏதோ பரிசு வாங்கியவரைப் பற்றிச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் தீமிதி வந்தால் கதையே வேறு. மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர்களின் வலது மணிக்கட்டில் பூசாரி மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டுவார். அதுதான் காப்பு. அதைக் கட்டியவர் வீட்டில் படுக்கக்கூடாது, கோயில் மண்டபத்தில்தான் படுக்கவேண்டும். ஒரு வேளைச் சோறு. கறி, மீன் கிடையாது. ஆற்றைத் தாண்டி எங்கும் போகக்கூடாது. குடிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. குடித்துவிட்டு நெருப்பில் கால் வைக்க எவனுக்கும் தைரியம் வராது. தெருவில் அத்தனை பேரும் அவரைப் பெயர் சொல்லாமல் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். சித்தியும் அப்படித்தான். "சாமி, அந்தக் குடத்த நகத்தித் தொலைங்க சாமி" என்பாள்.

காப்புக் கட்டிய சித்தப்பா மாதிரி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கோயில் வாசலில் உட்கார்ந்து எனக்குக் காற்றாடி செய்து தருவார். கை துளியும் நடுங்காது. திருவிழா முடிந்த மறுநாள் காலை ஆற்றங்கரையில் பூசாரி எல்லோருடைய காப்பையும் அறுத்துத் தண்ணீரில் விடுவார். நூல் ஆற்றோடு போகும், சித்தப்பா கடைப் பக்கம் போவார். சாயங்காலம் சைக்கா என்கிற சைக்கிள் வண்டிக்காரர் அவரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். எல்லா வருடமும் இதே கதைதான்.

நான் சொல்லவந்த வருடத்தில் சித்தி வீட்டில் இல்லை. மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சித்தப்பா குடிபோதையில் தூங்கிவிழ, தம்பிப்பாப்பா உருண்டு நெற்றி புடைத்துக்கொண்டது. சித்தி அழவில்லை, கத்தவில்லை. துணியை மூட்டை கட்டி, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆற்றைக் கடந்து த்வாண்டேயிலிருந்த அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அதே வாரம் சந்தை டாக்டர் சித்தப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஈரல் கெட்டுவிட்டது, இப்படியே போனால் அடுத்த வருடத் தீமிதிக்கு இவர் இருக்கமாட்டார் என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா அன்று உலை வைத்ததை மறந்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் பசிக்கிறது என்றதற்கு முதுகில் ஒன்று கிடைத்தது.

சித்தப்பா காப்புக் கட்டிக்கொண்ட பிறகு அப்பா த்வாண்டேக்குப் போய்ச் சித்தியைக் கூப்பிட்டுப் பார்த்தார். "அவரே தெளிஞ்ச கண்ணோட வந்து கூப்பிடட்டும், வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதில்தான் சிக்கல். நூல் கையில் இருந்தால் சித்தப்பா தெளிவாக இருப்பார், ஆனால் ஆற்றைத் தாண்டக்கூடாது. நூலை அறுத்தால் தாண்டலாம், ஆனால் தெளிவாக இருக்கமாட்டார். வீட்டில் பெரியவர்கள் இதைச் சுற்றிச் சுற்றிப் பேசி அலுத்துப்போனார்கள். அப்பாவின் அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். சந்தை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு தோசை விற்றாள். பர்மாக்காரர்கள் தோசையை டோஷே என்பார்கள், அதனால் சந்தை முழுவதற்கும் அவள் 'டோஷே ஆன்ட்டி'. என் மாமா, அதாவது அவள் புருஷன், குடித்தே போய்ச் சேர்ந்தவர். பேசினால் அத்தையின் வாய்க்கு முன்னால் எவனும் நிற்கமுடியாது. பேசாமல் இருந்தால் இன்னும் பயம். அந்த வருடம் திருவிழா முழுக்க அவள் பேசவே இல்லை.

தீமிதி நல்லபடியாக முடிந்தது. சித்தப்பா பூங்கரகம் ஏந்தியவருக்குப் பின்னால் நெருப்பில் நடந்ததை அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் காலை எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போனோம். அம்மா எனக்கு ரெட்டைச்சடை போட்டு, ரிப்பனை நானே கட்டிக்கொள்ள விட்டாள். அப்போதுதான் ரிப்பன் கட்டப் பழகியிருந்தேன். கண்டதற்கெல்லாம் கட்டிக்கொண்டிருந்தேன், விளக்குமாற்றுக்குக்கூட.

பூசாரி கத்தியோடு படியில் உட்கார்ந்தார். சாமிகள் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். நூல் அறுந்தது, தண்ணீரில் விழுந்தது. சித்தப்பா முறை வந்தது.

"நீட்டுங்க சாமி."

சித்தப்பா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"என்னப்பா, வெளையாட்டா?"

"வேணாம் ஐயா" என்றார் சித்தப்பா. "அவுத்தா நான் நேரா கடைக்குத்தான் போவேன். எனக்கே தெரியும். வேற எங்க போவணும்னு நெனச்சாலும் காலு அங்கதான் போவும். அறுக்காதீங்க. சாமி சத்தியமா பயமா இருக்கு."

நெருப்பில் நடந்தவருக்கு என்ன பயம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. கோயில் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சந்தையில் பருப்புக்கடை வைத்திருந்தவர், கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

"காப்பு அவுக்காம திருவிழா முடியாது. திருவிழா முடியாம தெருவுல ஒரு நல்லது கெட்டது வைக்கமுடியாது. எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை குடுத்தாச்சு. இவன் குடிக்கிறதுக்கு எம் பொண்ணு கல்யாணம் நிக்கணுமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து, அதுவும் கடைசி வரிசையிலிருந்து, அத்தையின் குரல் வந்தது.

"தலைவரே, ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. இந்த நூலு கையில இருந்தா இவனுங்க குடிக்கிறதில்ல. வருசா வருசம் கண்ணால பாக்குறோம். அப்புறம் எதுக்கு அறுத்து ஆத்துல விடுறோம்? வேல செய்யிற மருந்த எவனாச்சும் ஆத்துல கொட்டுவானா?"

பூசாரி கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

"திருவிழா நூல நான் அறுத்துத்தான் ஆவணும்மா. அது அம்மனுக்குக் கட்டினது, அம்மன் மலையேறணும். ஆனா இன்னொரு கையில வேற நூலு கட்டிக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. முதல்ல அதக் கட்டுங்க, பிறகு இத அறுக்கிறேன். நடுவுல ஒரு நிமிசம்கூட வெறுங்கையா இருக்கவேணாம்."

அத்தை விறுவிறுவென்று படியிறங்கி வந்தாள். தட்டிலிருந்த மஞ்சள் நூலை எடுக்கக் கை நீட்டினாள்.

"நீ கட்டக்கூடாது" என்றார் தலைவர்.

பூசாரி குனிந்துகொண்டார். அத்தையின் கை நூலுக்கு மேலே அப்படியே நின்றது. புருஷனை இழந்தவள் கை பட்டால் ஆகாது என்பது அன்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். குடித்துச் செத்தது மாமா, தள்ளி நிற்கவேண்டியது அத்தை!

கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் கண் என் தலையில் வந்து நின்றது.

"ஏ ரிப்பன், இங்க வாடி. பூசாரி ஐயா, சின்னப் புள்ள கட்டலாமில்ல? அதுலயும் ஏதாச்சும் இருக்கா?"

"கன்னிப்புள்ள. ரொம்ப விசேஷம்" என்று பூசாரி அவசரமாகச் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. படியிறங்கி வந்து, சித்தப்பாவின் இடது மணிக்கட்டில் நூலைச் சுற்றினேன். ஈரநூல் வழுக்கியது. எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு ரிப்பன் முடிச்சு. இரண்டு காது, இரண்டு வால். இரண்டையும் இழுத்து, சமமாக வந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு காதைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். சித்தப்பா குனிந்து அதைப் பார்த்தார். உதட்டில் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. என் கைவேலையின் அழகில் உருகிவிட்டார் என்று நினைத்தேன். பூசாரி வலது கை நூலை அறுத்தார். உடனே சித்தப்பாவோடு மூட்டை தூக்குகிற இரண்டு பேர், ஏற்கெனவே காப்பு அறுத்துக்கொண்டு ஓரமாக நின்றவர்கள், "புள்ள, எங்களுக்கும் கட்டிவிடு" என்று வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கட்டினேன். தலைவர் மகள் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. மூன்று பேரும் பந்தியில் மோர் குடித்துவிட்டு எழுந்தார்கள்.

காப்புக் கட்டியவர்கள் வீட்டில் படுக்கக்கூடாது. கோயில் மண்டபத்தையோ திருவிழா முடிந்ததும் பூட்டிவிட்டார்கள். அத்தை தன் தோசைக் கொட்டகையைக் காட்டினாள். அரிசி மூட்டைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில் மூன்று பாய் விழுந்தது. முதல் சில நாட்கள் என்னை அந்தப் பக்கமே விடவில்லை. திருவிழாவில் அடங்கியிருந்த குடியாசை கிளம்பி, தூக்கமில்லை, காய்ச்சல், கத்தல் என்று ஒரே அமளி. சந்தை டாக்டர் இரண்டு வேளையும் வந்து ஊசி போட்டார், ஒருவருக்கு மருந்துத் தண்ணீர் ஏற்றினார். என்னை விட்டபோது மூவரும் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காலு கடைக்கு இழுக்குதா? குழவியப் புடி. அது போகவிடாது" என்பாள் அத்தை. திட்டும்போதும் 'சாமி'தான். இங்கே இருக்கிற வரைக்கும் எல்லோரும் சாமி என்று சட்டம் போட்டிருந்தாள். சந்தைக்கு வந்த பர்மாக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டு, "சாமி, டோஷே டபொய்ன்!" என்று ஒரு தோசை கேட்பார்கள்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் அத்தை முடிச்சைக் கவனித்தாள். "என்னடா இது, ரிப்பன் கட்டி வச்சிருக்கா! கொண்டா கைய, நான் இறுக்கிப் போடுறேன். இங்க எந்தத் தலைவர் பாக்கப்போறாரு?"

சித்தப்பா கையை இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும்க்கா. புள்ள கட்டினது."

அத்தை முடிச்சைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு தோசை தீய்கிற வாசம் வந்து அடுப்புப் பக்கம் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தையாலேயே மாற்றமுடியாத முடிச்சு!

மற்ற இருவரில் ஒருவர் ஒருநாள் காலை பாயில் இல்லை. நூல் ஆட்டுக்கல் மேல் கிடந்தது. கத்தி வைத்து அறுத்திருப்பார் என்று நினைத்து நான் ஓவென்று அழுதேன். அவர் சில நாள் கழித்து முகம் வீங்கி வந்து வாசலில் நின்றபோது அத்தை ஏன் போனாய் என்று கேட்கவில்லை. "கையக் கழுவிட்டு வாங்க சாமி, உளுந்து ஊறிக் கெடக்கு" என்றாள். நான் மறுபடி கட்டினேன், இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கமாக. அதே ரிப்பன் முடிச்சுதான்.

இன்னொரு சாயங்காலம் சித்தப்பா குழவியை விட்டுவிட்டு எழுந்து போனார். வியர்த்திருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். துறைக்குப் போகிற வழியில் சாராயக்கடை. அதன் வாசலில் போய் நின்றார். கடைக்காரர் பர்மாக்காரர், நல்ல மனிதர். "வா, வா, ரொம்ப நாளாச்சு" என்று பர்மியில் கூப்பிட்டு, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்ததும் தட்டிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டி எடுத்து நீட்டினார். சித்தப்பா உள்ளேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. நூலின் ஒரு வாலைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார்.

முடிச்சு சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"கெட்டியா இருக்கா சித்தப்பா?"

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். வாலை விட்டார்.

"இரும்பு மாதிரி இருக்கும்மா" என்றார். "வா, உளுந்து பொங்கிடும்."

மழை தொடங்குவதற்கு முன்னால் அவரும் நானும் ஆற்றைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்து த்வாண்டேக்குப் போனோம். இந்த நூல் அம்மனுக்குக் கட்டிய நூல் அல்ல, தாண்டினால் குற்றமில்லை என்று பூசாரி சொல்லியிருந்தார். பானை செய்கிற ஊர் அது, தெருவெங்கும் பானைகள் காய்ந்துகொண்டிருந்தன. சித்தி வாசலில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் கண்ணைப் பார்த்தாள். கையைப் பிடித்துத் திருப்பி முடிச்சைப் பார்த்தாள்.

"யாரு கட்டினது?"

"நான்தான்!" என்றேன்.

அவள் ஒரு வாலை விரலால் தொட்டாள். "இப்படியேவா இருந்துச்சு? இத்தன நாளும்?"

சித்தப்பா தலையை ஆட்டினார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நன்றாகத்தானே கட்டியிருக்கிறேன், இதற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு ரோஷமாக இருந்தது. மறுநாள் எங்களோடு கிளம்பிவிட்டாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது கொட்டகை வாசலில் வேறு சண்டை. மீன் விற்கிற டோ தின் தன் புருஷனைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்திருந்தாள். பர்மாக்காரி, ஆனால் எங்கள் தெருவிலேயே கிடந்து தமிழ் பழகியவள்.

"ஆன்ட்டி, மஞ்ச நூலு குடு. எங்காளுக்கும் கட்டு."

"ஐயோ டோ தின், அது மருந்தில்ல!" என்றாள் அத்தை.

"மருந்துன்னு நீதான் ஆத்துல சொன்னே. சந்த பூரா கேட்டுச்சு."

தான் சொன்னதே திரும்பி வந்து எதிரில் நின்றதும் அத்தை டோ தின்னின் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். அந்த ஆள் புத்தரைக் கும்பிடுகிறவர். தீமிதியும் தெரியாது, மாரியம்மனும் தெரியாது. பூசாரியிடம் கேட்கலாம் என்று அப்பா சொன்னார். அத்தை மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நெருப்பெல்லாம் மிதிக்கவேணாம். மாவு ஆட்டத் தெரியுமா? தெரியாட்டி பரவாயில்ல. என்னைக்குப் போறதுன்னாலும் சொல்லிட்டுப் போகச் சொல்லு, அவ்வளவுதான். ஏ ரிப்பன், நூல எடு."

டோ தின் புருஷன் கையை நீட்டினார். அவரையும் சேர்த்துக் கொட்டகையில் நாலாவது பாய் விழுந்தது. அன்றிலிருந்து டோ தின் மீன் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, அவரைக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் மாடி வீடு இருக்கிறது. எங்கள் ஆட்களும் வருகிறார்கள், பர்மாக்காரர்களும் வருகிறார்கள். சாராயம் மட்டுமல்ல, மாத்திரை, ஊசி என்று எல்லாவற்றிலிருந்தும் வருகிறார்கள். நடத்துவது வந்து தேறியவர்கள்தான். சித்தப்பாதான் பெரிய சாமி, முடியெல்லாம் நரைத்துவிட்டது, ஈரல் பற்றி யாரும் இப்போது பேசுவதில்லை. ஆட்டுக்கல்லுக்குப் பதில் கரண்ட் கிரைண்டர் வந்தபோது, கை வேலை இல்லாமல் எப்படி என்று அத்தை சாகும்வரை சண்டை போட்டாள். கடைசியில் இரண்டும் இருக்கிறது. நூல் கட்டுவது இன்றும் என் வேலை. எனக்குக் கல்யாணமாகி, நான் கன்னிப்பிள்ளை இல்லையென்று ஆனபிறகும் அதை யாரும் எடுத்துப் பேசவில்லை, பருப்புக்கடைத் தலைவரே தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

போன வாரம் ஓர் அம்மா மகனோடு வந்தார். நான் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இப்படிக் கட்டினா இழுத்தா அவுந்துடுமேம்மா, நல்லா இறுக்கி ஒரு முடிச்சுப் போடேன்" என்று கெஞ்சினார். மூலையில் உளுந்து கழுவிக்கொண்டிருந்த சித்தப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்: "இழுத்தா வரணும்மா. வரலேன்னா அது கயிறு."

அந்தப் பையன் நூலின் வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெல்ல விட்டான். அப்படி விட்ட இன்னொரு கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சாராயக்கடை வாசலில், பட்டென்று ஓர் இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடுகிற நூலைப் பிடித்துக்கொண்டு அவர் அவ்வளவு நேரம் நின்றபோது, சித்தப்பாவை நான்தான் கட்டி வைத்திருக்கிறேன் என்ற நிம்மதியில் பக்கத்தில் நின்று கருப்பட்டி சப்பிக்கொண்டிருந்தேன்.